ஜூனியருக்கும் எழுத்தில் கொடுங்கள்

சென்னை உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் மாவட்ட நீதிமன்றங்களிலும் அலுவலகம் நடத்தும் சீனியர்களுக்கும், சட்ட நிறுவனங்களின் பங்குதாரர்களுக்கும்

வணக்கம்.

பணம் கொடுத்து ஏமாந்து வழக்கோடு நம்மிடம் வரும் கட்சிக்காரரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எழுதி வாங்கினீங்களா?" என்பதுதான். வாய்ப்பேச்சை நம்பி வீட்டைக் கைமாற்றியவரை உட்காரவைத்து அரை மணி நேரம் கடிந்துகொள்கிறோம். அந்த அறையின் ஓரத்தில் வழக்குக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தொழில் பழகும் ஒரு ஜூனியர் வழக்கறிஞர் நிற்கிறார். எந்தத் தேதியில் சேர்ந்தார், மாதம் எவ்வளவு, எந்த வேலை எப்போது அவர் கைக்கு வரும், எப்போது தனியாக வாதாட விடுவீர்கள் என்பதற்கு அவரிடம் ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது. ஐந்து ஆண்டு கழித்து அவர் வெளியே போகும்போதும் அந்தத் தாள் இருக்காது.

ஜூனியர்களின் வளர்ச்சி நம் அலுவலகங்களில் தற்செயலாக நடக்கிறது. சீனியருக்குக் காய்ச்சல் வந்த நாளில் ஒருவர் குறுக்கு விசாரணை செய்யக் கற்றுக்கொள்கிறார். இன்னொருவருக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்காமல் நான்கு ஆண்டுகள் வாய்தா மட்டுமே வாங்குகிறார். இதை மாற்றப் பெரிய திட்டம் தேவையில்லை. எழுதிவைத்தால் போதும். எதை, எப்படி என்பதை இந்த மடலில் சொல்கிறோம்.

முதலில் பணம். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, ஜூனியர்களை வைத்துக்கொள்ளும் வழக்கறிஞர்கள் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி, வழக்கறிஞர்களைப் பதிவுசெய்யும் அமைப்பான தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரங்களில் 20,000, கிராமப்புறங்களில் 15,000 என்று தன் சுற்றறிக்கையில் சொன்னது. அது பரிந்துரைதான், கட்டாயமில்லை என்று சொல்லும் சீனியர்கள் உண்டு. சொல்வது சரி. ஆனால் ஜூனியர் தங்கியிருக்கும் மேன்ஷன் அறையின் வாடகை பரிந்துரை இல்லை.

சிறிய ஊரில் தனியாக அலுவலகம் நடத்துகிறவருக்கு இந்தத் தொகை பெரிதுதான். அவருக்கு எங்கள் யோசனை: நான்கு ஜூனியரை ஆளுக்கு மூவாயிரத்துக்கு வைத்துக்கொள்வதைவிட ஒருவரை முழுத் தொகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நால்வரில் இருவர் எப்படியும் சாயங்காலம் வேறு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் மறுநாள் காலையில் கட்டைப் படிக்காமல் வருவதற்குக் காரணம் சோம்பல் இல்லை.

தொகையை மாதத்தின் ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் வங்கிக் கணக்கில் போடுங்கள். கையில் கவரில் கொடுத்தால் அது தயவாகத் தெரியும், தேதி தள்ளும், வருமான வரிக் கணக்கிலும் வராது. வங்கியில் கடன் கேட்கப் போகும் மூன்றாம் ஆண்டு ஜூனியருக்கு வருமானத்துக்குச் சான்று என்று காட்ட ஒன்றுமே இருப்பதில்லை.

இதைவிடச் சின்ன விஷயம் ஒன்று இருக்கிறது, ஆனால் இதுதான் தினமும் குத்துகிறது. கோர்ட் கட்டண ஸ்டாம்பு, ஜெராக்ஸ், நகல் மனுச் செலவு, பேட்டா, தம்புச் செட்டித் தெருவுக்கும் எழும்பூருக்கும் அலையும் ஆட்டோ என எல்லாம் ஜூனியர் பையிலிருந்து முதலில் போகிறது. "அப்புறம் வாங்கிக்கோ" என்பதைக் கேட்டபின் திரும்பக் கேட்கக் கூச்சம். மாதத்துக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு இப்படியே கரைகிறது. குமாஸ்தாவிடம் கைச்செலவுக்கென்று ஒரு தொகை, உதாரணமாக இரண்டாயிரம், தனியாக இருக்கட்டும். ஜூனியர் முன்பணமாக எடுத்து, சனிக்கிழமை சீட்டைக் கொடுத்துக் கணக்கை முடிக்கட்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

அடுத்தது பெயர். இதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல சீனியர்களுக்கு இதன் கனம் இன்னும் தெரியவில்லை.

மின் நீதிமன்ற (eCourts) இணையதளத்தில் வழக்கறிஞரின் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுத் தேடினால் அவர் வழக்குகள் வரிசையாக வரும். கட்சிக்காரர் வழக்கறிஞரை நியமித்துக் கையெழுத்திடும் வக்காலத்தில் ஜூனியரின் பெயரும் பதிவு எண்ணும் இல்லையென்றால், அவர் 300 நாள் கோர்ட்டில் நின்றிருந்தாலும் அந்தத் தேடலில் ஒன்றும் கிடைக்காது. முன்பெல்லாம் இது கௌரவப் பிரச்சினையாக மட்டும் இருந்தது. 2025 மே 20 முதல் அப்படி இல்லை. சிவில் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது மூன்று ஆண்டு வழக்கறிஞர் தொழில் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அன்று மீண்டும் விதித்தது. பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவுசெய்த நாளிலிருந்து அந்த மூன்று ஆண்டு எண்ணப்படும். சான்றிதழை அந்த நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் தரலாம், அல்லது பத்து ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் கொடுத்து அந்த அலுவலர் மேலொப்பம் இட வேண்டும்.

இதில் எங்கே தடுக்கிறது என்று பாருங்கள். சீனியருக்கே ஒன்பது ஆண்டுதான் ஆகியிருக்கும், அவர் கையெழுத்து செல்லாது. அல்லது ஜூனியர் இரண்டு அலுவலகம் மாறியிருப்பார், முதல் அலுவலகத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தார் என்பதற்குத் தாள் இருக்காது. அல்லது மேலொப்பம் இட வேண்டிய நீதிபதி, "இவர் என் கோர்ட்டில் எந்த வழக்கில் ஆஜரானார்?" என்று கேட்பார். காட்ட உத்தரவு நகல் ஒன்றும் இருக்காது, எல்லாவற்றிலும் சீனியர் பெயர்தான். சிவில் நீதிபதித் தேர்வுக்கு டிஎன்பிஎஸ்சி அறிவிக்கை வந்தபின் கடைசி மூன்று வாரத்தில் இந்தத் தாள்களைத் தேடி ஓடுவது எவ்வளவு பெரிய அவதி என்பது ஓடியவர்களுக்குத் தெரியும்.

மற்ற கதவுகளும் ஆண்டுக் கணக்கில்தான் திறக்கின்றன. சட்ட உதவிக் குழுப் பட்டியலில் சேரச் சாதாரணமாக மூன்று ஆண்டு வேண்டும். மாவட்ட நீதிபதி பதவிக்கு அரசமைப்புச் சட்டம் ஏழு ஆண்டு கேட்கிறது. உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யும் உரிமையுள்ள அட்வகேட் ஆன் ரெக்கார்ட் ஆக நான்கு ஆண்டு முடித்தபின் ஓராண்டுப் பயிற்சி, அதற்குப் பின் தேர்வு. எல்லா இடத்திலும் கேட்பது ஒன்றுதான்: எப்போதிலிருந்து தொழிலில் இருக்கிறீர்கள், அதற்கு ஆதாரம் என்ன?

எனவே சேர்ந்த நாளிலேயே ஒரு சேர்க்கைக் கடிதம் கொடுங்கள். அந்த நாளுக்குப் பின் அலுவலகம் தாக்கல் செய்யும் ஒவ்வொரு வக்காலத்திலும் ஜூனியரின் பெயரையும் பதிவு எண்ணையும் சேருங்கள். அவர் வாதாடிய நாளில் உத்தரவில் அவர் பெயர் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கோர்ட் ஆபீசரிடம் ஆஜர் சீட்டை அன்றே கொடுத்தால்தான் வரும். மாலையில் போனால் உத்தரவு டைப் ஆகிவிட்டிருக்கும். உச்ச நீதிமன்றமும் 2025 மார்ச்சில், நேரில் நின்று வாதாடியவர் பெயரும் அவருக்கு உதவிய ஒருவர் பெயரும் மட்டுமே பதிவாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. கூட்டத்தோடு பெயர் எழுதிக்கொள்ளும் காலம் முடிந்தது. நல்லதுதான். ஆனால் உண்மையில் உதவிய அந்த ஒருவரின் பெயரைச் சொல்வது சீனியரின் பொறுப்பு.

"பெயரைப் போட்டால் கட்சிக்காரரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான்" என்ற பயம் பல அலுவலகங்களில் இருக்கிறது. அந்தப் பயம் ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டோம். ஆனால் வக்காலத்தில் பெயரை மறைத்து அதைத் தடுக்க முடியாது, கட்சிக்காரரின் கைபேசியில் ஜூனியரின் எண் எப்போதோ ஏறிவிட்டது. தன் வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கட்சிக்காரருடையது. கட்டணம் பாக்கி என்பதற்காகக் கட்டைப் பிடித்துவைக்கவும் முடியாது, 2000-இலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜூனியர் விலகும்போது, அலுவலகம் எடுத்த வழக்குகளில் அவர் விலகல் மெமோ தர வேண்டும், அவர் தனியாகக் கொண்டுவந்த வழக்குகள் அவரோடு போகும், எது யாருடையது என்பது வழக்கு வந்த நாளிலேயே பதிவேட்டில் ஒரு எழுத்தால் குறிக்கப்படும் என்று சேரும்போதே எழுதிக்கொள்ளுங்கள். சண்டை வருவதெல்லாம் இது குறிக்கப்படாத வழக்குகளில்தான்.

இப்போது வேலைக்கு வருவோம்.

எதை முதலில் கொடுப்பது, எதை எப்போது கொடுப்பது என்பதில் வரிசை இருக்கிறது. நல்ல சீனியர்கள் மனதில் அது இருக்கிறது, தாளில் இல்லை. எங்கள் கணக்கில் அது இப்படிப் போக வேண்டும்.

முதல் ஆறு மாதம் ரிட்டர்ன், அதாவது குறை சொல்லி நீதிமன்ற அலுவலகம் திருப்பி அனுப்பும் மனுக்கள். வாய்தா வாங்குவதைவிட ரிட்டர்ன் ஆன கட்டைச் சரிசெய்வதில் ஜூனியர் அதிகம் கற்கிறார். தாக்கல் செய்த மனு, வழக்கு எண் கிடைக்கும் முன் தரப்படும் எஸ்.ஆர். எண்ணோடு பரிசீலனைக்குப் போய், ஏன் திரும்பி வருகிறது? கட்டணம் குறைவு, சான்றிட்ட நகல் இல்லை, காஸ் டைட்டிலில், அதாவது தரப்பினரைக் குறிக்கும் வழக்குத் தலைப்பில், பெயர் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்போடு ஒத்துப்போகவில்லை, தமிழ் ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு இல்லை, தட்டச்சு செய்து தொகுத்த ஆவணங்களான டைப் செட்டில் பக்க எண் தவறு, தாமத நாள் கணக்கு தவறு, கடைசியாக "இந்த மனு எப்படி நிலைக்கும்?" என்ற கேள்வி. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதும் வேலையை ஜூனியரிடம் கொடுங்கள். அதிகார வரம்பு, மாற்றுப் பரிகாரம், எந்தப் பிரிவின் கீழ் மனு போட முடியும் என்பதெல்லாம் அந்த நான்கு வரிப் பதிலுக்குள் வந்துவிடும். ரிட்டர்ன் காரணங்களை ஜூனியர் ஒரு நோட்டில் எழுதிவரட்டும். நாற்பது பக்கம் நிரம்பும்போது அவர் தாக்கல் செய்யும் மனு முதல் தடவையிலேயே வழக்கு எண் பெறும்.

மறுதாக்கல் காலக்கெடுவை மட்டும் அவர் தலையில் விட்டுவிடாதீர்கள். கெடு தாண்டினால் மறுதாக்கல் தாமதத்தை மன்னிக்க இன்னொரு மனு, அதற்கு ஒரு பிரமாணப் பத்திரம், கட்சிக்காரரிடம் ஒரு பொய். பெரும்பாலும் கட்டு மேசையில் கிடந்து மறந்து போனதுதான் காரணம். ரிட்டர்ன் ஆன நாளன்றே அலுவலக டைரியில் கெடு தேதிக்கு மூன்று நாள் முன்னால் ஒரு குறிப்புப் போடுவது குமாஸ்தாவின் வேலை, சரிபார்ப்பது ஜூனியரின் வேலை என்று பிரித்துவிடுங்கள்.

இதோடு சேர்ந்தது நாள் கணக்கு. தீர்ப்பின் சான்றிட்ட நகலின் பின்பக்கத்தில் இருக்கும் முத்திரையில் நகல் கேட்ட நாள், ஸ்டாம்பு கேட்ட நாள், கொடுத்த நாள், நகல் தயாரான நாள், பெற்ற நாள் என்று தேதிகள் இருக்கும். நகலுக்காக நீதிமன்றம் எடுத்துக்கொண்ட நாளைக் கழிக்கலாம், நாம் ஸ்டாம்பு கட்டாமல் வீணாக்கிய நாளைக் கழிக்க முடியாது. இந்த முத்திரையை வைத்துப் பத்துத் தீர்ப்புகளுக்கு மேல்முறையீட்டுக் கடைசி நாளை ஜூனியரைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அதன் பின் எதிர்வாதுரை, அதாவது பிரதிவாதியின் எழுத்துப் பதில். சாதாரண சிவில் வழக்கில் சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாள், நீட்டித்தால் 90, அதற்கு மேலும் நீதிமன்றம் மனம் வைத்தால் வழி உண்டு. வணிக வழக்கில் 120 நாள் தாண்டினால் எதிர்வாதுரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும், எந்த மனுவாலும் மீட்க முடியாது. இரண்டையும் ஒன்றாக நினைத்த ஜூனியரால் அலுவலகத்துக்கு வரும் கெட்ட பெயரை நீங்கள் அறிவீர்கள். காசோலை வழக்கில், அது பணமாகாமல் திரும்பியதாக வங்கித் தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அது சேர்ந்தபின் 15 நாள் அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார். மூன்று கணக்கு, மூன்று தொடக்க நாள்.

கட்சிக்காரர் இறந்துபோகும் வழக்குகளை ஜூனியரின் தனிப் பொறுப்பாகவே கொடுக்கலாம். 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனு போடாவிட்டால் வழக்கு அற்றுப்போகிறது, அதை நீக்க மேலும் 60 நாள், அதுவும் போனால் தாமத மன்னிப்பு மனு. இது ஏன் தவறுகிறது? குடும்பத்தார் சொல்வதில்லை, அலுவலகத்திலிருந்தும் யாரும் போன் செய்வதில்லை. ஆண்டுக்கணக்கில் நிலுவையில் இருக்கும் இரண்டாம் மேல்முறையீடுகளுக்கு, நான்கு மாதத்துக்கு ஒருமுறை கட்சிக்காரருக்குப் போன் செய்து நலம் கேட்பதை ஒரு ஜூனியருக்கு ஒதுக்குங்கள். வழக்கும் பிழைக்கும், ஜூனியருக்குக் கட்சிக்காரரோடு பேசும் பழக்கமும் வரும்.

ஆறு மாதத்துக்குமேல் சின்ன இடைமனுக்களை அவரே எழுதி அவரே வாதாடட்டும். மாற்று முறையில் சம்மன், ஆவணம் பெற்றுக்கொள்ள, சாட்சியை மீண்டும் அழைக்க. ஓராண்டு முடிந்தபின் சாட்சியின் முதல் விசாரணையை எழுத்தில் தரும் நிரூபணப் பிரமாணப் பத்திரம் தயாரித்து, சாட்சியைக் கூண்டில் ஏற்றி, ஆவணங்களைக் குறியிடுவது. அதன் பின் குறுக்கு விசாரணை. கிராம நிர்வாக அலுவலர், வங்கி அலுவலர், சார்பதிவாளர் அலுவலக எழுத்தர் போன்ற சாட்சிகளில் தொடங்கலாம். பதிவேட்டிலிருந்து பேசுகிறவர்கள் அவர்கள், கேள்வி தப்பினாலும் வழக்கு சாயாது. முந்தின நாள் மாலை ஜூனியர் பதினைந்து கேள்வி எழுதிக்கொண்டு வரட்டும், சீனியர் அதில் ஏழு கேள்விகளை அடித்து நீக்கட்டும். எதற்காக அடித்தார் என்பதைச் சொல்லட்டும், அந்த ஏழில்தான் பாடம் இருக்கிறது. உயில் வழக்கில் சான்றொப்பமிட்ட சாட்சியை மட்டும் மூன்று ஆண்டுக்கு முன் யாரிடமும் விடாதீர்கள், அந்த ஒருவர் வாயில்தான் வழக்கே இருக்கிறது.

குற்ற வழக்கு அலுவலகங்களுக்கு இப்போது ஒரு நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. நடைமுறைச் சட்டத்தில் முன்ஜாமீனுக்கான பழைய 438-ஆம் பிரிவு இன்று 482, உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்துக்கான பழைய 482 இன்று 528. முப்பது ஆண்டு பழகிய நாக்கு பழைய எண்ணைத்தான் சொல்கிறது. ஜூனியர் புதிய சட்டத்தில்தான் தொழில் பழகுகிறார். மின்னணு ஆவணத்துக்கு, புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவு கேட்கும் சான்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாகம். முதல் பாகம் கருவியை வைத்திருப்பவர் தருவது, இரண்டாவது நிபுணர் தருவது, கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்போடு. சிசிடிவி பதிவையும் வாட்ஸ்அப் பதிவையும் சான்றில்லாமல் போலீஸ் தாக்கல் செய்திருக்கிறதா, இரண்டாம் பாகம் வெறுமையாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை முழுவதையும் இரண்டாம் ஆண்டு ஜூனியரிடம் ஒப்படைக்கலாம். சீனியருக்கும் இதில் கற்க இருக்கிறது. சேர்ந்து உட்காரும் அந்த மாலைகள் அலுவலகத்துக்கு நல்லது.

ட்ராஃப்ட், அதாவது மனுவின் வரைவு, திருத்துவதைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள். ஜூனியர் எழுதிக் கொடுக்கிறார், சீனியர் ஸ்டெனோவைக் கூப்பிட்டு முதலிலிருந்து சொல்லி டைப் செய்கிறார், தாக்கலாகிறது. எது ஏன் மாறியது என்று ஜூனியருக்குத் தெரியவே தெரியாது. மறுமுறை அவர் எழுதுவதும் முன்பு போலவே இருக்கும், "இவனுக்கு ட்ராஃப்டிங் வராது" என்ற முத்திரையும் விழுந்துவிடும். ஒவ்வொரு வழக்கின் கணினிக் கோப்புறையிலும் ஜூனியரின் முதல் வடிவமும் தாக்கலான வடிவமும் இரண்டும் இருக்கட்டும். சனிக்கிழமை முப்பது நிமிடம், வாரத்துக்கு ஒரு ட்ராஃப்ட், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆண்டுக்கு நாற்பது ட்ராஃப்ட் ஆகிறது. இதைவிட மலிவான பயிற்சி வேறில்லை.

தமிழ் வழியில் படித்து வந்த ஜூனியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களுடைய ஆங்கிலத்தைப் பார்த்துவிட்டு முதல் வாரத்திலேயே "கீழ்க்கோர்ட்டுக்குத்தான் லாயக்கு" என்று முடிவு கட்டுவது பெரிய இழப்பு, முதலில் அலுவலகத்துக்கு. பாகப்பிரிவினைப் பத்திரம், பழைய கிரயப் பத்திரம், சிட்டா, அடங்கல், அ பதிவேடு எல்லாம் அவர்கள் கையில் பேசும். நான்கெல்லையில் வந்திருக்கும் தவறை அவர்கள் கண் பிடிக்கும். முதலில் தேதிவாரியான நிகழ்வுப் பட்டியலைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், பின் அதையே ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியமாக. ஓர் ஆண்டில் மொழி வந்துவிடும். ஆவணம் படிக்கும் அறிவு அப்படி ஓராண்டில் வராது.

இனி சட்ட நிறுவனங்களின் பங்குதாரர்களுக்கு.

முழு நேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்கறிஞர் தொழில் செய்யக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி. அதனால்தான் நிறுவனங்கள் சம்பளம் என்று சொல்லாமல் ரீடெய்னர், அதாவது தொழில்முறைக் கட்டணம், என்று சொல்கின்றன. விளைவு: வருங்கால வைப்புநிதி இல்லை, பணிக்கொடை இல்லை, மகப்பேறு விடுப்புக்குச் சட்டத்தின் கை நீள்வதில்லை, நோட்டீஸ் காலம்கூட நிறுவனத்தின் விருப்பம். சட்டம் தராத பாதுகாப்பை ஒப்பந்தம்தான் தர வேண்டும். மருத்துவக் காப்பீடு, விடுப்பு நாட்கள், இரு தரப்புக்கும் ஒரே நோட்டீஸ் காலம், மகப்பேறுக்கு எத்தனை வாரம் எவ்வளவு தொகை ஆகிய நான்கும் ஒப்பந்தத்தில் எண்களோடு இருக்க வேண்டும். "நிறுவனத்தின் கொள்கைப்படி" என்று எழுதி, கொள்கையைக் காட்டாமல் இருப்பது எழுதாததற்குச் சமம்.

எந்த வழக்குக்கு எவ்வளவு நேரம் வேலை செய்தோம் என்று எழுதும் டைம் ஷீட்டை எடுத்துக்கொள்வோம். ஆறு நிமிடத்துக்கு ஒரு அலகு, மணிக்குப் பத்து. ஆண்டு இறுதியில் அசோசியேட்டை, அதாவது நிறுவனத்தில் பங்குதாரர்களின் கீழ் வேலை செய்யும் வழக்கறிஞரை, எடைபோடும்போது பில் செய்த மணிநேரத்தைப் பார்க்கிறீர்கள். ஆனால் கட்சிக்காரர் கேட்டார் என்று பங்குதாரர் வெட்டித் தள்ளிய மணிநேரம் அசோசியேட்டின் கணக்கிலிருந்து போய்விடுகிறது, அவருக்குச் சொல்லப்படுவதும் இல்லை. வெட்டியதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. வேலை அதிக நேரம் பிடித்திருக்கலாம், அல்லது கட்டணத்தைப் பங்குதாரர் தாழ்த்திப் பேசியிருக்கலாம். முதலாவது அசோசியேட்டின் குறை, இரண்டாவது அவருடையது இல்லை. வெட்டும்போதே இரண்டில் எது என்று ஒரு குறியிட்டு மாதம் ஒருமுறை அவருக்கு அனுப்புங்கள். அசோசியேட்டுகளும் டைம் ஷீட்டை அன்றன்று எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதையும் நினைவிலிருந்து எழுதினால் சின்னச் சின்ன அழைப்புகளும் மின்னஞ்சல்களும் விட்டுப்போகின்றன.

பதவி உயர்வுக்கு எத்தனை ஆண்டு, எந்த அளவுகோல், யார் முடிவு செய்கிறார்கள் என்பது மூன்றாம் ஆண்டில் கேட்டுத் தெரிய வேண்டிய ரகசியமாக இருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உட்காருங்கள். போன ஆறு மாதத்தில் எந்த வேலையை முதல்முறையாகத் தனியாகச் செய்தார்? எதில் திரும்பத் திரும்பத் தவறுகிறார்? அடுத்த ஆறு மாதத்தில் என்ன புதிதாகக் கொடுக்கப் போகிறீர்கள்? எந்தக் கட்சிக்காரரோடு நேரடியாகப் பேச விடப் போகிறீர்கள்? பதிலை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அடுத்த முறை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். இது இல்லாத இடத்தில், பங்குதாரரோடு மதிய உணவுக்குப் போகிறவர் மேலே போகிறார்.

பங்குதாரர் என்ற பட்டத்தைப் பற்றி இளையவர்களும் கவனிக்க வேண்டியது உண்டு. லாபத்தில் பங்கில்லாமல் பெயரளவில் பங்குதாரராக்குவது பெருகிவருகிறது. சாதாரணக் கூட்டாண்மை நிறுவனத்தில், 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி பங்குதாரர் ஒவ்வொருவரும் நிறுவனத்தின் கடனுக்குச் சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. 28-ஆம் பிரிவுப்படி, பங்குதாரர் என்று தன்னைக் காட்டிக்கொள்ள விட்டவரும், அதை நம்பி நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவருக்குப் பொறுப்பாகலாம். லெட்டர்ஹெட்டில் பெயர் அச்சாகும் மகிழ்ச்சியில் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திடும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். பட்டம் கொடுக்கும் நிறுவனமே ஈட்டுறுதி (அவருக்கு வரும் இழப்பை நிறுவனம் ஈடுசெய்யும் உறுதி) உண்டா, மூலதனம் எவ்வளவு, விலகினால் எத்தனை மாதத்தில் திரும்பும் என்ற மூன்றையும் எழுதித் தர வேண்டும். பொறுப்பை மட்டும் கொடுத்துப் பங்கைக் கொடுக்காமல் இருப்பது உயர்வாகாது.

பெண் ஜூனியர்கள் ஐந்தாம் ஆண்டுக்குள் ஏன் குறைகிறார்கள் என்று நீதிபதிகளும் மேடைகளில் கேட்கிறார்கள். வழக்கைப் பற்றி அலுவலகத்தில் உட்கார்ந்து பேசும் கான்ஃபரன்ஸ் இரவு எட்டுக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிகிறது என்பதிலிருந்து பதிலைத் தொடங்கலாம். ஆறு மணிக்குத் தொடங்குங்கள், எட்டரையைத் தாண்டினால் வண்டிக்கு அலுவலகம் பணம் கொடுக்கட்டும். பிரசவத்துக்குப் போகும் ஜூனியரின் பெயரை வக்காலத்துகளிலிருந்து எடுக்காதீர்கள், அவர் நடத்திய வழக்குகளைத் திரும்பி வரும்போது அவரிடமே கொடுங்கள். காணொளி விசாரணையும் இ-ஃபைலிங்கும் இருக்கும் இந்தக் காலத்தில் இடைப்பட்ட மாதங்களிலும் ட்ராஃப்டிங் வேலை போகலாம், அவர் விரும்பினால், தொகையோடு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அலுவலகத்தில் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு உள்ளகக் குழு கட்டாயம். பயிற்சிக்கு வருபவர்களும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். பத்துக்குக் குறைந்த அலுவலகமென்றால் மாவட்ட உள்ளூர்க் குழு இருக்கிறது, அதன் முகவரி ஜூனியர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும்.

ஆட்களைச் சேர்ப்பதிலும் ஒன்று. குடும்பத்தில் முதல் வழக்கறிஞராக வருகிறவருக்குச் சிபாரிசு செய்ய யாரும் இல்லை. இடம் காலி என்றால் வழக்கறிஞர் சங்கப் பலகையிலும் சட்டக் கல்லூரிகளிலும் அறிவிப்பு ஒட்டுங்கள். வந்தவரிடம் முடிந்துபோன ஒரு வழக்கின் கட்டை, பெயர்களை மறைத்து, இரண்டு மணி நேரம் கொடுத்து நிகழ்வுப் பட்டியலும் ஒரு சின்ன மனுவும் எழுதச் சொல்லுங்கள். யார் பிள்ளை என்று கேட்பதைவிட இது அதிகம் சொல்லும்.

மே விடுமுறை முடிந்து ஜூனில் கோர்ட் திறக்கும்போது புதிய ஜூனியர்கள் வருவார்கள். அவர்களுக்குக் கொடுக்க ஒரு பக்க மாதிரியை இங்கே வைக்கிறோம். உங்கள் அலுவலகத்துக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

"……… ஆகிய நீங்கள், பதிவு எண் ………, இந்த அலுவலகத்தில் ……… தேதி முதல் ஜூனியராகச் சேர்கிறீர்கள். மாதம் ……… ரூபாய் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். ஆண்டுதோறும் இது மறுபரிசீலனை செய்யப்படும். நீதிமன்றச் செலவுகள் அலுவலகத்துடையவை, வாரந்தோறும் கணக்கு முடிக்கப்படும். இன்று முதல் தாக்கலாகும் வக்காலத்துகளில் உங்கள் பெயர் இருக்கும். ஆறு மாதத்துக்குள் ……… வேலையும், ஓராண்டுக்குள் ……… வேலையும், இரண்டாண்டுக்குள் ……… வேலையும் உங்களிடம் தனியாக ஒப்படைக்கப்படும். ஜனவரியிலும் ஜூலையிலும் உங்கள் வேலையைப் பற்றி உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்வோம். விலகுவதாக இருந்தால் இரு தரப்பும் ……… நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். விலகும் நாளில் அனுபவச் சான்றிதழ் தரப்படும்."

கீழே இருவர் கையெழுத்து, தேதி. இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று ஜூனியர் கையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தொழில் செய்யும் வழக்கறிஞர்கள் சிலர்